மூன்றாவது தாமார்

ரிச்மண்ட், வர்ஜீனியா
1901 அக்டோபர் 19, சனிக்கிழமை

அன்புத் தங்கை கொர்னேலியாவுக்கு உன் அக்கா லவீனியா எழுதுவது.

“அவள் உண்மையிலேயே அத்தானுடைய தங்கைதானா?” என்று ஒரே வரியில் கேட்டு, அதன் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. பத்து நாளாக அவளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன், அவள் கழுவித் தரும் தட்டுகளைத் துடைத்து அடுக்குகிறேன், இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்திருந்தால் நான் அதை விட்டிருக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

நாங்கள் சுகம். நீ அனுப்பிய ஆப்பிள்களில் பாதி வழியில் அடிபட்டுவிட்டன. காய்ச்சி ஜாடியில் போட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கும்வரை கரிக்கிடங்கு வேலைக்கு அனுப்பாதே.

போன கடிதத்தை அவசரத்தில் எழுதினேன், பாதி விட்டுப்போயிற்று. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அத்தான் ஆம்புரோஸ் தன் தங்கையைத் தேடத் தொடங்கியது அடிமைத்தனம் ஒழிந்த வருடத்தில். அன்றிலிருந்து வருடம் தவறாமல் சபைப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துவருகிறார். ‘என் தங்கை தாமாரைப் பற்றி அறிய விரும்புகிறேன். வர்ஜீனியாவில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு புகையிலைத் தோட்டத்தில் இருந்தோம். 1855-இல் ஓர் அடிமை வியாபாரிக்கு விற்கப்பட்டாள். அப்போது ஐந்து வயதிருக்கும்.’ உங்கள் கிளீவ்லாந்து சபையிலும் பாஸ்டர் இதை வாசிக்கிறார் என்று நீயே எழுதியிருந்தாய். இங்கே பாஸ்டர் ஆம்புரோஸே என்பதால், ஞாயிறுதோறும் இரண்டாம் பாட்டு முடிந்ததும் அவர் மற்றவர்களுடைய அறிவிப்புகளை வாசிப்பார். தாயைத் தேடும் மகன், மனைவியைத் தேடும் கிழவர், பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்லும் தாய். இத்தனை வருடம் கழித்தும் பத்திரிகையின் அந்தப் பக்கம் காலியாக வந்ததில்லை. அதை வாசிக்கும்போது மட்டும் பெண்கள் விசிறியை மடியில் வைத்துவிடுவார்கள். நீயும் நானும் ஒஹையோவில் சுதந்திரமாகப் பிறந்தோம், நம் வீட்டில் யாரும் அப்படிக் காணாமல் போனதில்லை. அதனால் அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரிவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வாழ்க்கைக் கதை பாஸ்டனில் அச்சானது. அதோடு தேடுகிற வேலை தலைகீழாகிவிட்டது. தாமாரைப் பற்றி அவருக்கு நினைவிருந்த அத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. வான்கோழியைக் கண்டால் அலறுவாள், சோளச் சக்கையைத் துணியில் சுற்றிப் பொம்மை என்று தூக்கித் திரிவாள், ரொட்டியின் கருகிய ஓரம்தான் அவளுக்குப் பிடிக்கும். மச்சம், தழும்பு எதுவும் அவருக்கு நினைவில்லை; பத்து வயதுப் பையன் தங்கையை அப்படிப் பார்ப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள், வாசிக்கக் கேட்டவர்கள் யாரும் இப்போது தாமாராக வரலாம். வந்தவரைச் சோதிக்க ஒரு கேள்வியையாவது அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அவர் வைக்கவில்லை.

அதாவது, வைக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் பாஸ்டனில் ஒருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் அழுகிற பக்கம் எது என்று உனக்குத் தெரியும். கோர்ட் வாசல் படிக்கட்டில் ஏலம் நடக்கிறது, வியாபாரி தாமாரைத் தூக்குகிறான், அவள் அண்ணனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள், கை கிழிந்து அவளோடு போய்விடுகிறது. கொர்னேலியா, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவர் எழுதிய முதல் பிரதியை நான்தான் திருத்தமாக எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்தது நாலு வரி: ‘ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு வாளியும் நிரப்பிக்கொண்டு வந்தேன். தங்கை முற்றத்தில் இல்லை. சமையல்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.’ அவ்வளவுதான்.

பிரிவை நேரில் காணாவிட்டால் வாசகர்கள் ஏமாந்துபோவார்கள் என்று பாஸ்டன் பதிப்பாசிரியர் எழுதினார். கூடவே படிக்கட்டையும் சட்டைக் கையையும் அவரே எழுதிச் சேர்த்து அனுப்பினார். இதில் வேடிக்கை, புத்தகத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவருடைய முன்னுரை இருக்கிறது. இந்த நீக்ரோ போதகர் சொல்வதெல்லாம் உண்மை என்று அவர் சான்று கொடுத்திருக்கிறார். ஆம்புரோஸை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நம்மவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதினால் இப்படி ஒரு சான்று இல்லாமல் அச்சுக்குப் போகாது. மதிப்புரை எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் படிக்கட்டுப் பக்கத்தை எடுத்துப் போட்டு, இதைக் கற்பனை செய்ய முடியாது என்றார்கள்.

வடக்கே சபைகளில் பேசப் போனால் ஜனங்கள் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவரும் சொல்கிறார். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போது தயங்குவதில்லை.

புத்தகம் வந்த பிறகு இதுவரை மூன்று தாமார்கள் வந்துவிட்டார்கள். முதலாமவள் மெம்பிஸிலிருந்து வந்தாள். உட்காருவதற்கு முன்பே வீட்டில் எத்தனை அறை என்று கேட்டாள். என்னைவிடப் பத்து வயது இளையவள்; தாமாரோ என்னைவிட மூத்தவளாக இருக்க வேண்டும். இரண்டாமவள் சட்டைக் கைத் துண்டையே கொண்டுவந்துவிட்டாள். கடைத்துணி, சாயம்கூட வெளுக்கவில்லை. ஆம்புரோஸ் அதை வாங்கிப் பார்த்து, மடித்து அவள் கையிலேயே கொடுத்து, சாப்பிட வைத்து ரயிலேற்றிவிட்டார். சட்டைக் கை பொய் என்பதை அன்று அவர் மறந்திருக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

மூன்றாமவள் விக்ஸ்பர்க்கிலிருந்து தனியாக வந்தாள். எஞ்சினுக்குப் பின்னால் நமக்கென்று ஒதுக்கிய பெட்டியில் அத்தனை தூரம் வந்ததில் கழுத்துப்பட்டி முழுக்கக் கரி. காலில் ஆண்கள் போடும் ஷூ, ஆனால் நன்றாகத் துடைத்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். வாசலில் நின்றபடியே என்னை “அண்ணி” என்றாள். உறவு இருக்கிறதா என்று நான் யோசிப்பதற்குள் அவள் முறை வைத்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சபைச் சகோதரி மோஸெல் வேறு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது ஊருக்கே விழுந்த மாதிரி. அவளுக்கு முன்னால் இந்தப் பெண் கோர்ட் படிக்கட்டை, வியாபாரியை, சட்டைக் கையை, அப்படியே சொன்னாள். புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே சொன்னாள். நான் ஆம்புரோஸைப் பார்த்தேன். அந்தத் துணியை மடித்துக் கொடுத்த மாதிரி இவளையும் திருப்பி அனுப்பப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதார். முப்பது வருடத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மோஸெல் அல்லேலூயா போட்டாள். நான் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, “ஒஹையோ அம்மாவுக்குச் சந்தேகம் வந்துட்டா பரலோக வாசல்ல பேதுருகிட்டயே, நீதான் பேதுருன்னு என்ன அத்தாட்சின்னு கேப்பாங்க” என்றாள். ஆம்புரோஸ்கூடச் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் கண் இரண்டு பேர் மேலும் இருக்கிறது. அவள் மேல் மட்டும் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரமில்லை. மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யை அவரே நம்பத் தொடங்கிவிட்டாரா? அல்லது தெரிந்தே அழுதாரா? இரண்டில் எது மோசம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் நல்ல வேலைக்காரி. விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிடுகிறாள். வெள்ளிக் கரண்டிகள் போட்ட இழுப்பறையைப் பூட்டி வைத்தேன். அதை அவள் கவனித்தாள். வான்கோழியைப் பற்றிப் பேச்செடுத்தால் பயந்த மாதிரி தோளைக் குலுக்குகிறாள். ரொட்டியின் கருகிய ஓரத்தைத் தேடி எடுத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் ஆம்புரோஸ் மேஜையில் இல்லாத நாளில் அந்த ஓரத்தை அவள் தட்டிலேயே விட்டுவிட்டதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நேராகவே கேட்டேன், அந்தச் சட்டைக் கை உங்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா என்று.

“வந்த அன்னிக்கே கேப்பீங்கன்னு நெனச்சேன், அண்ணி” என்றாள். “கரண்டியப் பூட்டுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்.”

அவளே தொடர்ந்தாள். “எனக்கு எதுவும் ஞாபகமில்ல. அஞ்சு வயசோ ஆறோ. யாரோ என்னை இடுப்புல தூக்கி வச்சிருந்தாங்க. அது மட்டும்தான். வர்ஜீனியாச் சரக்குன்னு என்னை வாங்கினவ வர்றவங்ககிட்டல்லாம் பெருமை அடிப்பா, அதனால எந்த ஊருன்னு தெரியும். வீட்டுக்கு வீடு ஒரு பேரு வச்சாங்க.”

தாமார் என்கிற பெயர் யார் வைத்தது என்று கேட்டேன்.

“அதுவும் புத்தகத்துல இருந்து எடுத்ததுதான்.”

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியானால் நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்றேன்.

“பொய்யா?” என்றாள். கோபமில்லை, யோசிக்கிற மாதிரிதான் கேட்டாள். “எங்க சபைல ஒரு டீச்சரம்மா வாரம் ஒருநாள் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. அண்ணன் புத்தகத்தையும் வாசிச்சாங்க. கேட்டுட்டு வீட்டுக்கு வந்து கண்ண மூடினா, அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியுது. கைல துணி இருக்கு. அதுக்கு முன்னாடி கண்ண மூடினா ஒண்ணுமே தெரிஞ்சதில்ல, அண்ணி. இத நான் யார் வீட்டுல திருடினேன்னு நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் பாஸ்டனில் எழுதப்பட்டது என்று சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அவள் கை நின்றுவிட்டது. அப்படியானால் நடந்தது என்ன என்று கேட்டாள். ஊற்றையும் வாளிகளையும் சமையல்காரியையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்போ அவரும் பாக்கலையா” என்றாள். மறுபடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

ஏமாற்ற வந்தவள் அந்த இடத்தில் அழுதிருப்பாள், இல்லையென்றால் பெட்டியைக் கட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரியாக இருந்தால் நான் இப்படி நினைக்க வேண்டும் என்றே கீரை ஆய்ந்திருப்பாள். பார், இதற்கு முடிவே இல்லை.

நேற்று ஆம்புரோஸ் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அவள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு, “ஊத்துக்குப் போனது நான். எனக்குத் தெரியாதா?” என்றார்.

அப்படியானால் ஏன் அழுதீர்கள் என்றேன்.

“லவீனியா, உனக்கு அத்தாட்சி வேணும். நீ காலேஜ்ல படிச்சவ, அதுவும் ஒஹையோ காலேஜ். எனக்கு ஆள் வேணும். நாப்பத்தாறு வருசமா வெறுங்காத்துகிட்ட பேசிட்டிருக்கேன்.”

நான் விடவில்லை. ஏனென்றால் விஷயம் அவருடைய அழுகை இல்லை. நாளை ஆராதனையில் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, தங்கை கிடைத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறார். பத்திரிகைக்கும் எழுதிவிட்டார்: ‘என் தங்கை தாமார் கிடைத்துவிட்டாள். இனி என் அறிவிப்பை வாசிக்க வேண்டாம்.’ நல்ல எழுத்தில் பிரதி எடுக்கச் சொல்லி அந்தத் தாளை என் மேஜையில் வைத்திருக்கிறார். அது அச்சான அன்று எல்லாச் சபைகளிலும் அவளைத் தேடுவது நின்றுவிடும். இவள் தாமார் இல்லையென்றால், உண்மையான தாமார் டெக்ஸாஸிலோ லூயிசியானாவிலோ ஏதோ ஒரு சபையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவள் காதில் விழ வேண்டியது இனி ஒருநாளும் விழாது. அல்லது கிடைத்துவிட்டாள் என்பது விழும். ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த தாமாரை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள், அப்படியானால் அது நானில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இதை அவரிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். எந்த நோயாளி என்று நான் கேட்கவில்லை.

தாள் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. நான் பிரதி எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் இப்போது பின்கட்டில் நாளைக்குப் போட என்னுடைய பழைய கறுப்பு உடையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள், நான்தான் கொடுத்தேன். மோஸெல் கேக் கொண்டுவருகிறாளாம். எழுந்து நின்று இது உண்மையில்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சும்மா இருக்கவும் என்ன உரிமை?

எனக்காக ஒன்று செய். இனிமேல் பத்திரிகையில் என்ன அச்சாகி வந்தாலும், உங்கள் சபையில் அத்தானுடைய அறிவிப்பை வாசிப்பதை நிறுத்த விடாதே. பாஸ்டர் கேட்டால், கிடைத்துவிட்டாள் என்பது தெரியாமல் அச்சாகிவிட்டது என்று சொல். பழைய அறிவிப்பு வந்த தாள் ஒன்றைப் பைபிளில் வைத்துக்கொள். நீ வாய் திறந்து கேட்டுக்கொண்டால் அவர் மறுக்க மாட்டார்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் எப்போதும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
லவீனியா பெட்டிஃபோர்ட்

ஞாயிறு, சாயங்காலம்

கடிதம் தபாலுக்குப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆலயம் நிறைந்திருந்தது. முதல் பாட்டுக்குப் பிறகு ஆம்புரோஸ் கீழே இறங்கி வந்து அவளை முன்வரிசையிலிருந்து கைபிடித்து எழுப்பினார். “இவங்க பேரு தாமார். என் தங்கச்சி. மிசிசிபியில இருந்து வந்திருக்காங்க. இனிமே எங்க வீட்டுலதான் இருப்பாங்க” என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். படிக்கட்டைப் பற்றியோ சட்டைக் கையைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகக் காத்திருந்தவர்களின் முகத்தை நான் பார்த்தேன்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு கையில் தாளில்லாமல், “என் தங்கை தாமாரைப் பற்றி அறிய விரும்புகிறேன்” என்று தொடங்கி, தன் அறிவிப்பைக் கடைசிவரை சொன்னார்.

மோஸெல் எழுந்துவிட்டாள்.

“பாஸ்டர், அப்போ முன்னாடி உக்காந்திருக்கறது யாரு?”

“என் தங்கச்சி.”

“அப்போ தேடுறது யாரை?”

“என் தங்கச்சியை.”

மோஸெல் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் என்னவோ செய்துவிட்ட மாதிரி. நான் ஒன்றும் செய்யவில்லை. முன்வரிசையிலிருந்து அவள்தான் முதலில் ஆமென் சொன்னாள். பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எல்லோரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் பல பேர் எங்களிடம் வராமலே போய்விட்டார்கள். கேக்கை மோஸெல் திருப்பி எடுத்துப் போகவில்லை, ஆனால் அவளே வெட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆம்புரோஸ் என் மேஜைக்கு வந்து, அவர் எழுதியிருந்த தாளை எடுத்துக்கொண்டு போனார். வருடாந்திர அறிவிப்பை வழக்கம்போல அனுப்பிவிடு என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் நின்றாள். தனக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லையாம். யார் பெயரையும் சொல்ல முடியாதபோது என்ன சொல்லிக் கொடுப்பது என்று விட்டுவிட்டாளாம். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘என் வீட்டாரைப் பற்றி அறிய விரும்புகிறேன். என் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து வயதில் வர்ஜீனியாவிலிருந்து விற்கப்பட்டேன். யாரோ என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்கள்.’ கீழே எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டேன்.

வாசித்துக் காட்டியபோது, “அவங்க கழுத்துல புகையிலை வாசம் வரும், அதையும் போடுங்க” என்றாள்.

வர்ஜீனியாவில் அப்போது யார் கழுத்தில்தான் புகையிலை வாசம் இல்லை, அதை வைத்து யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

“தெரியும், அண்ணி” என்றாள்.

அதையும் எழுதினேன்.